மூன்றாவது முறை கூப்பிட்டபோது

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது கேட்டால், முடியுமா முடியாதா என்று யோசிப்பதற்குள் என் வாய் 'ஆகட்டும்' என்று சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிப்பேன். அந்த நாடகக் குழு மறுபடியும் திருவனந்தபுரத்துக்கு வரப்போகிறது என்று செய்தி வந்தபோதும் அதுதான் நடந்தது.

நாடகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் ரசிகர் கூட்டத்தில் மிச்சம் மீதி இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வருவார்களா என்பதே இப்போது சந்தேகம்தான். முன்பெல்லாம் வந்திருப்பார்கள்.

முழுக்கப் பாட்டாலேயே நகரும் நாடகம் அது. உப்பு விற்கும் பெண் ஒருத்தி பொழுது சாயும் நேரத்தில் தலையில் மூட்டையோடு ஆற்றங்கரைக்கு வருவாள். எதிர்க்கரை இருட்டாக இருக்கும். 'கரையிலே ஆளுண்டா?' என்று ராகம் இழுத்து மூன்று முறை கூப்பிடுவாள். முதன்முதலில் எழுதியபடி அவளுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அவள் மூட்டையோடு ஆற்றில் இறங்கி நீந்துவாள். எதிர்க்கரையில் ஏறும்போது அவள் இருப்பாள், உப்பு இருக்காது.

அந்தக் காட்சியை மாற்றியவர்கள் நாங்கள். தம்பானூரில் டீக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், குழு முதல் தடவை இங்கே வந்தபோது எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றுக்குள் காலை வைக்கப் போனாள். மனுஷரால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "உண்டு தாயி! நாங்க உண்டு! எறங்காத!" என்று கத்தியேவிட்டார். ஹால் முழுக்கச் சிரித்தது, பிறகு கைதட்டியது. மேடையில் அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

மறுநாள் ஆட்டத்துக்கு நாங்கள் ஒரு கூட்டமாகப் பேசி வைத்துக்கொண்டு ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். 'உண்டு உண்டு, நாங்க உண்டு' என்று அவள் ராகத்திலேயே பதில் பாடினோம். அதன் பிறகு குழுக்காரர்களே காட்சியைத் திருத்தினார்கள். பதில் வந்ததும் எதிர்க்கரையில் விளக்கோடு ஒரு படகு கிளம்பும். உப்பு நனையாமல் போய்ச் சேரும். மற்ற ஊர்களில் பதிலுக்குப் பதிவு செய்த குரல்களை ஓடவிடுவார்கள். எங்கள் ஊரில் மட்டும்தான் நிஜக் குரல். அதற்கு எங்களுக்குள் ஒரு சட்டமும் இருந்தது: முதல் இரண்டு கூப்பாட்டுக்கும் மூச்சுக் காட்டக் கூடாது, மூன்றாவதற்குத்தான் பாட வேண்டும்.

எப்படிப்பட்ட நாட்கள்! நாகர்கோவிலில் ஆட்டம் என்றால் ரயிலேறிப் போவோம். ஆற்றுக்கு விரிக்கிற நீலத்துணியை மாற்றிவிட்டார்கள் என்பதற்காக அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆவி பறக்கச் சண்டை போட்டிருக்கிறோம். எனக்குக் குரல் வளம் கிடையாது. கூட்டத்தோடு பாடும்போது என் குரல் எனக்கே கேட்காது. அந்தச் சுகத்துக்காகவே நான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வேகம் எப்போது குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். எங்கள் வாட்ஸப் குழுவில் இப்போது காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ வரும், கழக்கூட்டம் ஐ.டி. பார்க் பக்கம் வாடகைக்கு ஃபிளாட் என்று விளம்பரம் வரும், ஆட்டிய தேங்காயெண்ணெய் வேண்டுமா என்று ஒருவர் கேட்பார். நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மிஞ்சியது ஒரே ஒரு ஸ்டிக்கர். விளக்கு எரியும் படகு, அதன் கீழே 'உண்டு உண்டு, நாங்க உண்டு'. எங்கள் கூட்டத்திலேயே சின்னவள், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள், ஆசை ஆசையாகச் செய்தது. பிறந்தநாளா, அந்த ஸ்டிக்கர். பிள்ளை பரீட்சையில் பாஸா, அந்த ஸ்டிக்கர். ஒருவருடைய அப்பா தவறிப்போனதற்கும் யாரோ அதைப் போட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவரோ கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் உப்புக்காரியாக நடிக்கிறவளிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. "அக்கா, இந்தத் தடவ உங்க ஊர்ல ஒரே ஒரு ஷோ. நம்ம ஆளுங்க இருக்காங்களா? இல்லேன்னா ரெக்கார்ட் பண்ணின ட்ராக் எடுத்துட்டு வந்துடறோம். சங்கடப்படாம சொல்லுங்க."

வாட்ஸப் குழுவில் போட்டேன்: யாரெல்லாம் வருகிறீர்கள்? ஐந்து நிமிஷத்தில் படகுகள் வரிசை கட்டி வந்தன. உண்டு உண்டு, நாங்க உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவளுக்கு எழுதினேன்: "ட்ராக்கெல்லாம் வேண்டாம். நாங்க இருக்கோம்." அவள் ஒரு இதயத்தை அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் கழக்கூட்டத்திலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. நான் கேட்டதற்கு மேலே யாரோ ஒருவர் வீடு குடிபோவதாக எழுதியிருந்தார். படகுகளில் எது அவருக்கு, எது எனக்கு? யாரும் 'வருகிறேன்' என்று எழுதவில்லையே! ஹைவேயில் வண்டி நகரவேயில்லை. நான் அந்தப் படகுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவருக்கு மாமனார் ஆஸ்பத்திரியில். ஒருவர் பெங்களூருக்கு மாறிப் போயே வெகுநாள் ஆகியிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஒரு மகராசி, "அந்த டிராமா இன்னுமா ஓடறது?" என்று கேட்டாள். நாகர்கோவில் ரயிலில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தவள் அவள்.

அண்ணாச்சியை நேரில் பிடிப்போம் என்று தம்பானூருக்குப் போனேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடைக்கு ஆள் இல்லையா அண்ணாச்சி? ஒரு சாயங்காலம்தானே?"

"கடையெல்லாம் சாக்கு தங்கச்சி. ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். போன தடவையே பாதி நேரம் தூங்கிட்டேன். முன்னால அந்தப் பிள்ள கூப்பிடும்போது எனக்கு நெஞ்ச அடைக்கும். இப்பம் அடைக்க மாட்டேங்கு. அடைக்காம வந்து என்னத்தக் கத்த?"

"நீங்க ஆரம்பிச்ச கூத்துதானே இது! அந்தப் பொண்ணு ட்ராக் இல்லாம வந்து நிக்கப்போறா."

"நீ எதுக்கு வேண்டாம்னு சொன்ன?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கணவர், "நோக்கு என்னடி ப்ராந்தா? ஆள் இல்லே, ட்ராக் கொண்டுவாங்கோன்னு ஒரு மெசேஜ் போட்டா தீர்ந்தது. இதுக்குப் போய் ராப்பகலா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு இருக்கியே" என்றார்.

"அது உங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான். நீ அடுப்பிலே பாலைப் பொங்கவிட்டுண்டு நிக்கறது மட்டும் புரியறது."

அவர் சொன்னது சரிதான். மெசேஜை எழுதவும் எழுதினேன். 'ஆள் கொஞ்சம் குறைவு' என்று எழுதி அழித்தேன். 'முன்னெச்சரிக்கையாக ட்ராக்கும் இருக்கட்டும்' என்று எழுதி அழித்தேன். எப்படி எழுதினாலும் ஊரே செத்துவிட்டது என்று நானே பறையடிப்பது போல இருந்தது. இப்படி அழித்துக்கொண்டிருக்கும்போதே, நாடகக் குழுவின் வேன் கிளம்பிவிட்டது என்று படமும் வந்து சேர்ந்தது. பெட்டிகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரே நம்பிக்கை சின்னவள். இப்போது அவளுக்கும் கழக்கூட்டத்தில்தான் வேலை. வீட்டில் தமிழ் பேசினாலும் வெளியே வந்தால் மலையாளம்தான் வாயில் வரும். "சேச்சீ, டென்ஷன் வேண்டா கேட்டோ. நான் உறப்பா வரேன். நம்ம ரெண்டு பேரும் பொளிக்கலாம், அமர்க்களப்படுத்தலாம்" என்றாள். இரண்டு குரல் என்றால் ஒருமாதிரி ஒப்பேற்றிவிடலாம். அவள் குரல் நல்ல குரல். அவள் நிழலில் நான் ஒண்டிக்கொள்வேன்.

ஆட்டத்தன்று கிழக்கேகோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து, வாசல் திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன். கூட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாம் தெரியாத முகங்கள். அழைப்பிதழில் வந்தவர்கள், மலையாளம் பேசிக்கொண்டிருந்த ஒரு காலேஜ் கூட்டம், ஏ.சி.க்காக வந்த குடும்பங்கள். எங்கள் பழைய வரிசையில் போய் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் போட்டேன். "இவிடே ஆளுண்டோ?" என்று ஒருவர் கேட்டார். "உண்டு" என்றேன். இன்னொருவர் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

மணி அடிக்கும்போது போன் அதிர்ந்தது. சின்னவள்தான். பைபாஸில் பயங்கர டிராஃபிக் பிளாக், சாரி சேச்சி என்று எழுதி, அதன் கீழே அந்தப் படகு ஸ்டிக்கரையும் போட்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அணைத்துப் பைக்குள் எறிந்தேன்.

நாடகத்தில் ஆற்றங்கரைக் காட்சிக்கு முன் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. அவள் நன்றாகத்தான் பாடினாள் போல, கைதட்டல் கேட்டது. நான் மனதுக்குள் அந்த நாலு வார்த்தையை உருட்டிக்கொண்டிருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொண்டுவராத என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நீலத்துணி விரிந்தது. உப்பு மூட்டையோடு அவள் வந்தாள்.

"கரையிலே ஆளுண்டா?"

சட்டப்படி அமைதி. அவள் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு. எங்களுக்காகவே வைத்திருந்த சிரிப்பு அது.

"கரையிலே ஆளுண்டா?"

மறுபடி அமைதி. நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

மூன்றாவது முறை, நீளமாக, கையை எங்கள் பக்கம் நீட்டி: "கரையிலே ஆளுண்டா?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஹாலில் யாரோ இருமினார்கள். அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. மெல்ல அந்தச் சிரிப்பு போயிற்று. பாவி, பாடேன், பாடேன் என்று என்னையே கிள்ளிக்கொண்டேன். அவள் கையை இறக்கினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். பழைய நாடகத்துக்கே போகிறாள், நீந்தப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீலத்துணிக்குள் ஒரு காலை வைத்தாள்.

"உண்டு!"

என் குரல்தான். ராகமும் இல்லை, தாளமும் இல்லை, உடைந்த பானைச் சத்தம். முன் வரிசைகள் திரும்பிப் பார்த்தன. 'நாங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் என் பை மட்டும்தானே உட்கார்ந்திருந்தது.

"உண்டு உண்டு... நான் உண்டு."

அவள் ஒரு கால் ஆற்றில், ஒரு கால் கரையில் என்று நின்றாள். எதிர்க்கரை இருட்டாகவே இருந்தது. ஒற்றைக் குரல் போதுமா என்று விளக்குக்காரருக்குத் தெரியவில்லை போலும். அவள் பக்கவாட்டில் திரும்பி லேசாகத் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது, படகு வந்தது, உப்பு ஏறியது. காலேஜ் கூட்டம் விசிலடித்தது. அதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன்: பிளாக், ஆஸ்பத்திரி, பெங்களூர். அவள் முகப்பூச்சைப் பாதி துடைத்த நிலையில் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது, என் கை.

"ரொம்பப் பயந்துட்டீங்களா அக்கா?"

நான் தலையாட்டினேன்.

"நானும் பயந்துட்டேன்" என்று சிரித்தாள். பிறகு, என் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அடுத்த தடவ ட்ராக் எடுத்துட்டு வந்துடறோம். நீங்க நிம்மதியா உக்காந்து பாருங்க" என்றாள்.

"சரி" என்றேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக ஊரையெல்லாம் திட்டித் தீர்த்தவளுக்கு அந்த நிமிஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? தலைச்சுமை இறங்கியது போல இருந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடிப் பக்கம் திரும்பி மிச்ச முகப்பூச்சைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறின பிறகுதான் அழுகை வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எந்து பற்றி சேச்சீ? என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லே. கிழக்கேகோட்டைக்குப் போங்கோ" என்றேன்.