பூனாகலை பஸ்ஸும் முத்துமாரியின் பேரும்

சென்ற ஆகஸ்ட்டில் நான் தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் பூனாகலைக்குப் போனது இயற்கையை ரசிக்க அல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் முத்துமாரிக்கு, நடிக்க வந்து ஒன்பது வருடம் கழித்து, ஒரு சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி வேடம் வந்திருந்தது. சட்டத்தரணி வேடம். ஒரே நிபந்தனை, திரையில் பெயர் ‘ஷெனாலி’ என்று வர வேண்டும். முத்துமாரி என்று போட்டால் சனம் சேனலை மாற்றிவிடுமாம். ஞாயிறு மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் நேரில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டாள். “நீங்களும் வாங்கக்கா, எங்க ஊர பாத்ததில்லதானே” என்று என்னையும் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை 5.55க்குக் கோட்டையில் ரயில் ஏறினேன். நான் பதிவு செய்த ஆசனத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு அரிசிப் பெட்டி. அவர்களை எழுப்புவதற்குள் ராகமை தாண்டிவிட்டது. நானுஓயாவுக்குப் பிறகு வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பவர்களின் கூட்டம். கழிவறைக்குப் போக நான் நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஏன் என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு மணியளவில் பண்டாரவளையில் இறங்க வேண்டியவள் 4.10க்கு இறங்கினேன்.

பூனாகலை பஸ் 4.30க்கு என்று பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அது 4.15க்கே போய்விட்டது. ஏன் என்று கேட்டால், “ஆள் நெறஞ்சிருச்சு மிஸ்” என்கிறார். பிறகு ஆட்டோதான். டிரைவர் 3,500 ரூபாய் கேட்டார், 2,800க்கு இறங்கினார். பதினான்கு கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. இடுப்பு இருந்த இடம் தெரியவில்லை.

போகும் வழியில் டிரைவர் கேட்டார். “நாடகத்துல வருமே மாரி, அது வீட்டுக்குத்தான் போறீங்களா மிஸ்?”

“ஆமாம்.”

“நல்ல புள்ளைங்க. ஆனா ஒண்ணு, அதுக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாதா?”

இந்தக் கேள்வியை அடுத்த இரண்டு நாளில் ஆறு பேர் என்னிடம் கேட்டார்கள். விஷயம் இதுதான். இதுவரை முத்துமாரி நடித்தது பதினொரு நாடகம், அதில் ஏழில் தேயிலைத் தோட்டத்துப் பெண். பதுளையில் பாடசாலை நாடகப் போட்டியில் பரிசு வாங்கியவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் திரையில் அவள் திக்கித் திணறித்தான் சிங்களம் பேச வேண்டும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினால் முகம் மறைகிறது என்று இயக்குநர் தோளில் மாட்டச் சொன்னார். இளங்கொழுந்து கமராவில் தெரியவில்லை என்று பெரிய இலையாகப் பறிக்கச் சொன்னார். எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். “உனக்கு என்ன தெரியும்?” என்றார்களாம். கொழுந்து மலையிலேயே பிறந்து வளர்ந்தவளிடம். இப்படியாக ஒன்பது வருடமாக அவள் நாடு முழுக்கப் பார்க்க முத்தல் இலை பறித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் அம்மா பாக்கியம் முப்பத்தோரு வருடமாகக் கொழுந்து எடுப்பவர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியே கேலி செய்கிறாராம். “அந்த எலைய ஃபெக்டரில வாங்குவாங்களாடி?” என்று எனக்குத் தேநீர் தந்த கையோடு பாக்கியம் அக்கா மகளைக் கேட்டார். முத்துமாரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அவர்களுடனேயே தங்கினேன். ஞாயிறு காலை ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடும்போது முத்துமாரி அதுவரை தள்ளிப்போட்டுவந்த புது வேடத்தைப் பற்றி ஒருவழியாகச் சொன்னாள். பாக்கியம் அக்கா கேட்ட முதல் கேள்வி, “பேரு போடுவாங்களா?”

நான் முந்திக்கொண்டேன். போடுவார்கள், முதலாவதாகப் பெரிய எழுத்தில் வரும், ஆனால் ஷெனாலி என்று வரும் என்றேன். இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

“அம்மா கேக்குறது அது இல்லக்கா” என்றாள் முத்துமாரி. தோட்டத்தில் பேர் என்றால் கணக்கில் பதியும் ஒரு நாள் வேலை, அதற்குத்தான் சம்பளம். சொன்ன எடைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். ஒன்பது வருடமாக அம்மா தொலைபேசியில் “பேரு போட்டாங்களா” என்று கேட்பதை, திரையில் வரும் பெயரைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

பாக்கியம் அக்கா ரொட்டியைக் கீழே வைத்தார். “வேற ஒருத்தி பேர்ல மலைக்குப் போனா, நீ எடுத்த கொழுந்துக்கு அவளுக்குத்தான் பேரு விழும். யாருடி அந்த ஷெனாலி? அவளுக்கு எதுக்கு நீ ஒழைக்கிற?”

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். வெறும் பெயருக்காக இந்த வாய்ப்பை விடுவார்களா, எத்தனையோ பேர் மாற்றித்தான் நடிக்கிறார்கள் என்று அரை மணி நேரம் வாதாடினேன். முத்துமாரி எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாள். பதினொரு மணிக்கு, சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டுக்கு ஏறிப் போய்த் தொலைபேசியில் பேசினாள். நடிக்கிறேன், என் பெயரில் என்றால் மட்டும் என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்களாம்.

நாங்கள் கொழும்பு திரும்பிய பிறகு, செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். சட்டத்தரணி வேடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. சட்டத்தரணி வீட்டு வேலைக்காரி வேடம் இருக்கிறது, வருகிறாயா, அதற்கு முத்துமாரி என்ற பெயர் நன்றாகப் பொருந்தும் என்றார்களாம். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அவள் முடியாது என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். “அம்மாகிட்ட சொல்லிறாதீங்கக்கா. தன்னாலதான் போச்சுன்னு நெனைக்கும்.”

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயிலில் திரும்பும் ஆசனத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பூனாகலை பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாகப் போய் ஏறி உட்காருங்கள். ஆகஸ்ட்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். கொழுந்து எடுப்பவர்களிடம் கூடையை இரவல் வாங்கிப் படம் எடுக்காதீர்கள், அவர்களுக்கு வேலை கெடுகிறது. அப்படியும் எடுத்தால் கயிற்றைத் தலையில் மாட்டுங்கள்.

நேற்று இதை முத்துமாரியிடம் படித்துக் காட்டினேன். இது அந்த ஆட்டோ டிரைவர் கண்ணில் பட்டால் அம்மா காதுக்குப் போய்விடுமே என்று பயந்து, “உன் பேரை மாற்றி எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம். அம்மாகிட்ட இன்னைக்கே நானே சொல்லிர்றேன்” என்றாள். பிறகு, “நீங்களுமாக்கா?” என்றாள்.