கோட்டைக்கு யார் காவல்

எங்கள் வீட்டுக்கு வந்த வீடியோ கேம் கேசட்டின் மேல் ஒரு லட்சம் ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. சென்னையிலிருந்து வாங்கி வந்த சித்தப்பா, அதை வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் பதினோரு ஆட்டங்கள் தேறின. மற்றதெல்லாம் அதே பதினொன்று வேறு வேறு பெயரில் திரும்ப வருவதுதான். சித்தப்பாவிடம் சொன்னபோது, "லே, இன்னும் கீழ போய்ப் பாரு, நல்லதெல்லாம் அங்கனதான் இருக்கும்" என்றார். நானும் நம்பி இன்னொரு வாரம் போய்ப் பார்த்தேன்.

பதினொன்றில் எனக்கு உயிர் டாங்கி ஆட்டம்தான். திரையின் அடியில் நட்டநடுவே, செங்கல் சுவர் கட்டிய சின்னக் கோட்டை ஒன்று இருக்கும். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். அவற்றைச் சுட்டுத் தீர்த்தால் அடுத்த கட்டம். மொத்தம் முப்பத்தைந்து கட்டங்கள். நம் டாங்கி செத்தால் வேறொன்று தருவார்கள். கோட்டையில் ஒரே ஒரு குண்டு பட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது. கார் ஓட்டும் ஆட்டத்திலும் தாவிக் குதிக்கும் ஆட்டத்திலும் நாம் பிழைத்துக் கிடந்தால் போதும். இதில் உயிரோடு இருந்துகொண்டே தோற்கலாம். அந்தப் பயம்தான் ஆட்டத்தின் ருசி என்று இப்போது சொல்லத் தெரிகிறது. பத்து வயதில் உள்ளங்கை வேர்த்தது மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. நம்மோடு ஆடுகிறவர் மேல் நம் குண்டு பட்டால் அவர் டாங்கி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடும். நம் கோட்டையில் பட்டால் கோட்டையே போய்விடும். முதல் தடவை உட்காருகிறவர்கள் எல்லோரும் சொந்தக் கோட்டையைத்தான் சுட்டார்கள். நான் சுட்டேன், சித்தப்பா சுட்டார். அப்பா எதிரி வருவதற்குள்ளேயே கோட்டையைத் தகர்த்துவிட்டு, "இதப் போட்டா பிக்சர் டியூப் போயிரும்" என்று சொல்லி எழுந்து போனார். சுடாதது அத்தை ஒருத்திதான்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. நாங்குநேரியில் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனித் தேரோட்டம் பார்க்க என்று பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், தேர் நிலைக்கு வந்து, பந்தல் பிரித்து, ஆடியும் ஆவணியும் போன பிறகும் ஊர் திரும்பவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. ஆட ஜோடி கிடைத்த சந்தோஷம் எனக்கு. ஒரு நாள் அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "எங்க மாமியா என்ன சொன்னாலும் இவுக வாயத் தொறக்க மாட்டாவ மதினி. பக்கத்துலயே நிப்பாவ, ஒரு வார்த்த வராது. அத்தனைக்கும் நான் ஒருத்தியே பதில் சொல்லிட்டுக் கெடக்கேன்." இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் அப்பா வாயைத் திறந்தால் வாய்ப்பாடுதான் கேட்பார். பேசாத மாமா எவ்வளவோ மேல் என்று நினைத்தேன்.

அத்தை மேலே ஏறிப் போய்ச் சண்டை போடவே மாட்டாள். "ஏலே, நீ மேல போ. கீழ நான் பாத்துக்கிடுதேன்" என்று கோட்டையின் இடது மூலையில் நின்றுகொள்வாள். நான் தலைகால் தெரியாமல் சுட்டுக்கொண்டு திரிவேன். நான் தவறவிட்டதெல்லாம் அவளிடம் வந்து சாகும். கட்டம் முடிந்து கணக்கு வரும்போது அவளைவிட நான் அதிகம் சுட்டிருப்பேன். அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்வேன், அவளும் சிரிப்பாள். புரட்டாசியில் முப்பத்துநாலாம் கட்டம் வரை போய்விட்டோம். அன்று பார்த்துக் கரண்டு போனது. அந்த எந்திரத்துக்கு ஞாபகம் கிடையாது, மறுபடி ஒன்றிலிருந்து வர வேண்டும். நான் அழுதே விட்டேன். பூஜை லீவுக்குள் முப்பத்தைந்தையும் முடித்துவிடுவது என்று அத்தை எனக்குக் கையடித்துச் சொன்னாள்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்கள், அப்பாவின் பேனா, அரிவாள்மணை, தையல் மிஷின் எல்லாம் வரிசையாக வைத்தபோது, வீடியோ கேமையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள் அம்மா. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. ஒரு நாளாவது டி.வி. ஓய்வெடுக்கட்டும் என்பது அவள் திட்டம். மற்றவற்றுக்கு அம்மா பொட்டு வைத்தாள். கேமுக்கு நான் வைத்தேன். முப்பத்தைந்தும் முடிய வேண்டுமே என்ற பக்தியில், மேலே வைத்தது போதாதென்று கேசட்டின் செம்புப் பல் ஒவ்வொன்றுக்கும், அது போய் உட்காரும் பள்ளத்துக்கும் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசினேன்.

விஜயதசமி காலையில் எடுத்துப் போட்டால் திரையில் கோடு கோடாக ஓடியது. ஊதிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில்தான் மாமா வந்தார்.

நல்ல நாள் பார்த்து அத்தையைக் கூப்பிட வந்திருந்தார். கையில் பழமும் பூவும் இருந்தன. அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அம்மாதான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மழை உண்டா, பஸ்ஸில் கூட்டமா என்று அப்பா கேட்டதற்கெல்லாம் மாமா தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் அப்பா, "அவ வாரேன்னா கூட்டிட்டுப் போங்க மாப்ள. நான் போன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அத்தை போகக் கூடாது என்று நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டே எந்திரத்தைக் குலுக்கினேன்.

"இங்கன கொண்டா, பாப்போம்" என்றார் மாமா. அவருக்கு டெலிபோன் எக்சேஞ்சில் வேலை. கேசட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள யாருல சந்தனம் வச்சது?"

"நான்தான். உள்ளதான மாமா கேமு இருக்கு?"

மாமா சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. என் அழிரப்பரை வாங்கிச் செம்புப் பற்களைத் தேய்த்தார். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றிப் பள்ளத்தைத் துடைத்தார். அரைமணி நேரம் வேறு எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் கோட்டை வந்ததும் நான் போட்ட கூச்சலில் அத்தை அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு ஜாய்ஸ்டிக் மாமா கையில் இருந்தது, இன்னொன்று என் கையில். அம்மா என் தொடையைக் கிள்ளி, "குடுல அத்தைகிட்ட" என்றாள். நான் மனசே இல்லாமல் கொடுத்தேன்.

மாமா என்னைவிட மோசம். வந்ததும் அத்தையைச் சுட்டு அசையாமல் நிறுத்தினார். பிறகு சுற்றிச் சுற்றி வந்து செங்கலை உடைத்தார். நான் "மாமா, சுடாதீங்க!" என்று கத்தும்போதே கோட்டை போய்விட்டது.

"நானா சுட்டேன்?" என்றார் மாமா.

"ஆமா. நீங்கதான்" என்றாள் அத்தை.

 மாமா ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தார். "தெரியாமப் போச்சு. நான் கவனிச்சிருக்கணும்" என்றார். எங்கள் வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவ போடுல" என்றாள்.

போட்டேன். "நீங்க கீழ கோட்டைகிட்ட நில்லுங்க. எங்கயும் போவக் கூடாது. எது வந்தாலும் நீங்கதான் சுடணும். நான் மேல போறேன்" என்று மாமாவிடம் சொன்னாள் அத்தை. எனக்குப் பதறிவிட்டது. "ஐயோ அத்தை, அவுகள மேல அனுப்புங்க, கோட்ட போயிரும்!" என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை. இத்தனை நாள் மூலையில் நின்றவள் விறுவிறுவென்று மேலே ஏறிப் போனாள். மாமாவின் டாங்கி சுவரோரம் தடுமாறிக்கொண்டு நின்றது. ஒரு எதிரி கீழே வந்தது. சுட்டார், பட்டது. "பட்டுட்டு!" என்று சின்னப் பையன் மாதிரிக் கத்தினார். அத்தை திரும்பிப் பார்க்காமலே, "பாத்தேன்" என்றாள்.

நாலாம் கட்டத்தில் கோட்டை போனது. சாயங்காலம் மாமா பெட்டியைத் தூக்கிக்கொள்ள, அத்தை பூ வைத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள். முப்பத்தைந்தையும் முடித்துவிட்டு லெட்டர் போடு என்று என் கன்னத்தைத் தட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அத்தனை துக்கம், அதைவிடக் கோபம்.

பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் அம்மாவிடம் பொருமித் தீர்த்தேன். என்னோடு முப்பத்துநாலு வரை வந்தவள், சுடவே தெரியாத ஆளைப் போய்க் கோட்டைக்குக் காவல் வைத்தாளே, மூன்று மாசம் ஆடியும் ஆட்டம் பிடிபடவில்லையே என்றேன். அம்மா என் தலையைக் கோதிவிட்டாள். நாலே கட்டத்தில் தோற்றுப்போனவர்கள் ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.