சினிமாக் குளமும் எங்கள் ஈயக்குட்டையும்

தண்ணீருக்குள் முங்குகிறவனுக்கு நல்ல மூச்சு வேண்டும், கரையில் கயிறு பிடிக்க நல்ல ஆள் வேண்டும். கண் வேண்டவே வேண்டாம். மலாயாவில் எமர்ஜென்சிக் காலத்தில் சிரம்பானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பம்பு வீட்டு ஆள். ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அம்போவென்று விட்டுப்போன பழைய குட்டையிலிருந்து, ரப்பர் ஷீட் அடிக்கிற ஸ்டோருக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். குழாய் வாயில் இலைதழை அடைத்துக்கொண்டால் மூன்று ஆள் ஆழம் முங்கிப் போய் நான்தான் பிடுங்க வேண்டும். டிரைவரோ, நர்ஸோ, போலீஸ்காரரோ, சொந்தத் தொழிலை சினிமாவில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் யாராக இருந்தாலும் இப்படி வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

நாலு இழுப்பு

என் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனை சின்னையா கையில் இருக்கும். பம்பு வீட்டில் எனக்கு அவன்தான் கூட்டாளி, ஓயாத வாய்க்காரன். நான் இரண்டு தரம் இழுத்தால் ‘தூக்கு’ என்று அர்த்தம். குட்டைத் தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறம். கையை மூக்குக்கு முன்னால் நீட்டினாலும் தெரியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு, குழாயைத் தடவிக்கொண்டே இறங்குவேன். காதுக்குத்தான் அங்கே வேலை. பம்பின் தடதட சத்தம் எல்லாப் பக்கமும் இருந்து வரும், நெஞ்சுக்குள்ளிருந்தும் வருகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அந்தத் தடதடப்புக்கு நடுவே ‘டிங்’ என்று ஏதோ கேட்டது. ஜலதோஷம் பிடித்தவன் குரல் போல அடைத்துக்கொண்ட சத்தம். அங்கே யார் இருக்கிறார்கள், சத்தம் போட? உடனே கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன். கரையில் கிடந்து மூச்சு வாங்கும்போது சின்னையா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: “ரெண்டு இழுத்தா பத்தாதா லா? எதுக்குய்யா நாலு தரம் இழுத்தே?”

மிதக்காதவர்

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் என் மனைவி ஞானத்தின் அண்ணன் சவரிமுத்து காணாமல் போயிருந்தார். மத்தியானம் ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு சைக்கிளில், எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்குக் கிளம்பியவர். லயத்தைச் சுற்றி அப்போது முள்கம்பி வேலி. அந்த வாசலுக்கு அவர் வந்து சேரவே இல்லை.

காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று போலீசுக்குச் சந்தேகம். அது உறுதியானால், அண்ணனுக்கு அரிசி கடத்துகிறாள் என்று ஞானத்தைக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். அப்படிப் போன பெண்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். குட்டையில் விழுந்திருப்பார் என்று சொல்லி நானே இரண்டு நாள் முங்கித் தேடினேன். அவ்வளவு பெரிய குட்டையில் அது குருடன் தேடுகிற தேடல்தான். பார்த்துக்கொண்டிருந்த சார்ஜன்ட், நம் தமிழர்தான், சிகரெட்டைக் குட்டைக்குள் சுண்டிவிட்டுச் சொன்னார்: “செத்தவன்னா மூணு நாள்ல மிதந்திருப்பான். மிதக்கலையா, அப்ப எங்கேயோ நடந்துக்கிட்டு இருக்கான். ரெண்டு வாரம் பாப்பேன், அப்புறம் உன் சம்சாரத்தை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டு வா.”

ஒரு பாட்டு நேரம்

அழுதழுது கிடக்கிறாளே என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு ஞானத்தைத் தோட்டத்து லாரியில் டவுனுக்கு அழைத்துப் போனேன். அதற்குப் பதில் நான் சும்மா இருந்திருக்கலாம். படத்தில் கதாநாயகன் ராஜாவின் மோதிரத்தை எடுக்கக் குளத்தில் குதிக்கிறான். கரையில் கதாநாயகி ஒரு பாட்டு முழுக்கப் பாடுகிறாள். நானும் விளையாட்டாக அவனோடு மூச்சைப் பிடித்தேன். கூட வந்திருந்த சின்னையா பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணினான். இரண்டாவது சரணத்தில் என் மூச்சு முட்டி, இருமி, முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். கதாநாயகனோ பாட்டு முடிந்தபின் நிதானமாக மேலே வந்து, அழியாத மையும் கலையாத சுருள்முடியுமாக வசனம் பேசுகிறான்! நானாக இருந்தால் கரையில் நாய் மாதிரி நாக்குத் தள்ளிக் கிடப்பேன்.

தண்ணீருக்குள்ளே என்ன வெளிச்சம் என்கிறீர்கள்! கல்யாண வீடு தோற்றது. அடி மணலில் மோதிரம் மின்னுகிறது. முன்னால் முங்கிச் செத்தவன் ஒருத்தன் தூங்குகிறவன் போல அழகாகக் கிடக்கிறான், தலைமுடி மட்டும் மெல்ல அசைகிறது. சின்னையா சிரித்தான், நானும் சிரித்தேன். ஞானம் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது லாரியில் என் காதருகே வந்து கேட்டாள்: “அவனுக்கு அத்தனை தெளிவாத் தெரியுதே. எங்க அண்ணன் அங்க கெடக்கிறதைப் பாத்துட்டு எங்கிட்ட மறைக்கிறீங்களா?”

துரையின் கண்ணாடி

அந்தப் படம் தோட்டத்தையே கெடுத்துவிட்டது. அந்தோணிக்கு, அதாவது எனக்கு, எல்லாம் தெரியும், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்று லயம் முழுக்கப் பேச்சு. அது தோட்டத்து மேனேஜர் துரை காதுக்கும் போனது. அவர் சி ரூசா கடற்கரையில் குளிக்கும்போது மாட்டிக்கொள்கிற ரப்பர் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். “கண்ணாடி குடுத்தாச்சு. இனிமே ‘தெரியலே’ சொல்ல வேணாம்” என்றார்.

மாட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு ஆள் ஆழத்திலேயே கண்ணாடி அட்டை மாதிரி கண்ணைப் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்தது. தெரிந்ததெல்லாம் இன்னும் கிட்டத்தில் அதே தேத்தண்ணி. இதையெல்லாம் எந்த சினிமாக்காரன் காட்டினான்? அன்றைக்கும் அந்த ‘டிங்’. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து வீட்டுக்குப் போனேன். ஞானம் பயந்து போய், “அப்படி என்னத்தைப் பாத்தீங்க?” என்று கத்தினாள். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அங்க எதையும் பாக்க முடியாதுடி! காதுலதான் விழும். பம்பு சத்தம் கேக்கும், மணிச் சத்தம் கேக்கும், அவ்வளவுதான்!” என்று நானும் கத்தினேன். அவள் கத்தல் சட்டென்று நின்றது. “மணியா? அண்ணன் சைக்கிள்ல மணி இருந்துச்சேங்க.”

இரண்டே இழுப்பு

மறுநாள் காலையில் கண்ணாடியைக் கரையிலேயே போட்டுவிட்டேன். குழாய் வாய் வரை போய், அங்கிருந்து கரைக்குச் சரிந்து ஏறுகிற என் கயிற்றையே கையால் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பாதிச் சரிவில், மேலே லயத்துக்குப் போகிற வரப்புப் பாதைக்கு நேர் கீழே, கயிறு எதன் மேலோ உரசிக்கொண்டிருந்தது. தடவினேன். குளிர்ந்த இரும்பு, வளைந்த கைப்பிடி. என் கட்டைவிரல் தானாகப் போய் ஒரு சின்ன நெம்புகோலில் பட்டது. டிங். இத்தனை நாளும் என் கயிறு மாட்டி மாட்டி இழுத்தது அதைத்தான். மாட்டி விடுபட்ட உதறலும் சேர்ந்துதான் என் இரண்டு இழுப்பு சின்னையா கையில் நாலாகப் போயிருக்கிறது.

சைக்கிள் பாதி வரை சேற்றில் புதைந்திருந்தது. சங்கிலியில் கால்சட்டைத் துணி சிக்கியிருந்தது. அதற்கு மேல் என் கை தொட்டதை நான் எழுத மாட்டேன். சினிமாவில் வந்தது போல ஒன்றுமே இல்லை. கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன்.

மேலே கொண்டுவந்ததும் சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினார். வரப்பு சரிந்து விழுந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனவர், அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞானம் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்து, அந்த மணியைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து ஜன்னலில் வைத்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்: “இனிமே அங்க மணி கேட்டா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லுங்க. யாரு வீட்ல தேடிக்கிட்டு இருக்காங்களோ.”

மணி ஜன்னலில் இருக்கும்போதே அந்தக் குட்டைக்குள் எனக்கு இன்னும் இரண்டு தரம் அது கேட்டது. சினிமாக்காரர்கள் தண்ணீருக்குள்ளேயே வசனம் பேசிவிடுகிறார்கள், எனக்கோ கரையேறி இத்தனை வருஷமாகியும் அதை ஞானத்திடம் சொல்ல வாய் வரவில்லை.