மஞ்சள் பெண்ணும் பச்சை மாப்பிள்ளையும்

எனக்குச் செங்கமாரி, அதாவது மஞ்சள்காமாலை, என்று சொன்னது எந்த வைத்தியரும் அல்ல, ஒரு கலர்ப்படம்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தொண்டைமானாற்றில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவருடைய படம் முதலில் வந்தது. கப்பல் அறையில் ரியூப் லைற்றுக்குக் கீழே எடுத்தது. மனிதர் கிணற்றுக்கட்டுப் பாசி போலப் பச்சையாக இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. வாய் திறந்து சொல்வேனா?

பதிலுக்கு என் படம் போக வேண்டும். புத்தூரில் எங்கள் வீட்டுக்கு ஸ்ரூடியோக்காரர் வந்தார். ஐயா பார்த்து வைத்த நல்ல நேரமோ பொழுதுபட்ட பிறகுதான். பிளாஷ் அடித்தால் நான் கண்ணை மூடிவிடுவேன் என்று அம்மா போட்டுக்கொடுக்க, பிளாஷும் வேண்டாம் என்றாயிற்று. ஐயா அயல்வீட்டு பல்புகளையும் கழற்றி வந்து மாட்டினார். விறாந்தை கல்யாணவீடு போல எரிந்தது.

கொழும்பில் கழுவி வந்த படத்தில் நானும் மஞ்சள், வெள்ளைச் சுவரும் மஞ்சள்.

"கலர்ப்படம் எண்டால் கலராத்தானே இருக்கும்," என்று ஐயா அதையே அனுப்பிவிட்டார்.

தரகர் முகம் தொங்கிப்போய் வந்தார். "பிள்ளைக்குச் செங்கமாரியோ எண்டு கேக்கினம்."

அத்தோடு பேச்சு நின்றது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அதைவிடக் கொடுமை, அம்மாவும் படத்தையே நம்பினார். விடிந்தால் வெறுவயிற்றில் கீழ்க்காய்நெல்லிச் சாறு.

"எனக்கொரு நோய் வருத்தமும் இல்லையம்மா."

"படம் பொய் சொல்லுமோ பிள்ளை? குடி."

படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனேன். "இதென்ன அண்ணை வேலை?"

"பல்பு வெளிச்சம் மஞ்சள், தங்கச்சி. எங்கடை கண் அதுக்குப் பழகிப்போடும். இந்த பிலிம் வெயிலுக்கெண்டு செய்தது, அது பழகாது."

"ரியூப் லைற்றெண்டால்?"

"பச்சை அடிக்கும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையும் பச்சை இல்லை!

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னேன்: "இனிப் படம் வேண்டாம். அவையைச் சந்நிதிக் கோயிலுக்கு வரச் சொல்லுங்கோ. பகலிலை."

கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போலப் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிக்காவிட்டால் இரு பகுதிக்கும் வெட்கமில்லை. மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். தரகர் எப்படியோ கதைத்து அவர்களை வரச் செய்தார்.

மணல் காலைச் சுட்டது. அம்மா நிழலுக்குக் கூப்பிடக் கூப்பிட, நான் நடுவெயிலில் நின்றேன். மாப்பிள்ளையின் தாயார் கிட்ட வந்து என் கண்ணுக்குள் பார்த்தார்.

"கண் வெள்ளையாத்தானே கிடக்கு," என்றார்.

"படத்திலை வேறை மாதிரி இருந்தியள்," என்றார் மகன்.

"உங்களிலையும் பாசி பிடிச்சிருந்தது."

அவர் சிரித்தார். படத்தில் சரியாக விழுந்திருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

"அப்ப நாள் வைப்பம்," என்றார் தாயார்.

பெரியவர்கள் கதைக்கும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"ஐயா, பகல் முகூர்த்தமாப் பாருங்கோ."