ஆட்ட நாளில் அடக்கம்

எங்கள் ஊரில் சனிக்கிழமை சாகலாம், புதைக்கக் கூடாது. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் கல்லூரியின் கால்பந்தாட்டத்துக்கே எழுதி வைத்தவை. கல்யாணம்கூட வைக்க மாட்டோம். புதிதாக வந்த பாதிரியாருக்கு இது தெரியவில்லை. ஹார்லன் வோஸ்பெர்க்கின் அடக்கம் சனிக்கிழமை காலை என்று அறிவித்துவிட்டார். ஹார்லனின் மனைவி வெர்னாவும் துக்கத்தில் தலையாட்டிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளை மாற்றலாமென்றால், அதற்குள் அவர்களின் வெளியூர் மகள் விமானம் ஏறிவிட்டாள்.

ஹார்லன் என் பக்கத்து வீட்டுக்காரர். மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் ஆயுள் முழுக்கக் குழாய் ரிப்பேர் பார்த்தவர். "தலைமுடிய எல்லாம் ஓட்டைல போட்டுட்டு, தண்ணி போகலன்னு நிக்கிறீங்களே, என்னத்தடா படிக்கிறீங்க?" என்று திட்டிக்கொண்டே அடைப்பெடுப்பார். ஆட்டத்தன்று ஊரே காசு வாங்கிக்கொண்டு வீட்டுப் புல்வெளியில் வெளியூர்க் கார்களை நிறுத்தவிடும். இவர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரட்டுவார். கல்லறைத் தோட்டமோ மைதானத்தை ஒட்டியே இருந்தது. "அந்தக் காட்டுக்கூச்சல் கேக்காம என்னைப் புதைச்சிடு" என்று வெர்னாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார், பாவி மனுஷன்.

பயந்தபடியே ஆயிற்று. சவ வண்டி கடைத்தெருவில் சிக்கிக்கொண்டது. முன்னும் பின்னும் கல்லூரி அணியின் சிவப்புச் சட்டைகள், பீர், பேண்டு வாத்தியம். ஆட்டம் தொடங்க அரை மணிதான் இருந்தது. வெர்னா இறங்கி நடுத்தெருவில் நின்று அழுதாள்.

"வாக்குக் குடுத்தேனே அவருக்கு..."

முகமெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய ஒரு கல்லூரித் தடியன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "யாரும்மா இது?"

"என் வீட்டுக்காரர். ஹார்லன்."

"குழாய்க்காரரா? எங்களத் திட்டுவாரே, அவரா?" அவன் திரும்பிக் கத்தினான். "டேய், நம்ம ஹார்லன்டா! செத்துட்டாருடா!"

அடுத்த நிமிஷமே சாயம் பூசிய ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். மானம் போச்சு என்று பதறினேன். ஆனால் பேண்டு நின்றது. தெரு முழுக்கத் தொப்பிகள் இறங்கின. மைதானத்துக்குப் போக வேண்டிய கூட்டம் அப்படியே பெட்டியின் பின்னால் திரும்பியது. வாத்தியங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேண்டுக்காரர்களும் வந்தார்கள்.

குழிக்குள் பெட்டி இறங்கும்போது மைதானத்தில் விசில் ஒலித்தது. வெர்னா கண்களை இறுக மூடிக்கொண்டாள். நான் காதைப் பொத்தப் போனேன்.

கூச்சல் வரவில்லை. கத்த வேண்டியவர்கள் எல்லாரும் எங்களைச் சுற்றி வெறுந்தலையோடு நின்றார்கள்.

வெர்னா கண் திறந்து அவர்களைப் பார்த்தாள். "ஆட்டம் ஆரம்பிச்சாச்சு, போங்கடா" என்றாள், அவரைப் போலவே.

ஒருவரும் நகரவில்லை.