அண்ணனுக்குக் கேட்ட மருந்து

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘பிரேக் அக்கா’ என்றால்தான் தெரியும். பக்கத்து இருக்கையிலிருந்து “பிரேக்!” என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், ஓட்டுகிறவரின் கால் மட்டுமல்ல, தெருவில் நடக்கிறவர்களின் காலும் நின்றுவிடும்.

அந்தக் குரல்தான் இப்போது அவளைக் கைவிடத் தொடங்கியிருந்தது.

இளவயதில் அவளும் அண்ணனும் அப்பாவின் மெத்தைப் பட்டறையில் பஞ்சுத் தூசிக்குள் கிடந்தவர்கள். பட்டறை போய்விட்டது, இருவருக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் மிச்சம். இருவருக்கும் ஒரே மருந்து, சின்ன டப்பாவை வாயில் வைத்து மூச்சோடு உள்ளிழுக்கும் பவுடர். அதை இழுத்துவிட்டு அண்ணன் மொட்டைமாடி ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவினார். அவளோ செருப்பு வாரை மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கினாள். அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டி, காய்ச்சலில் படுத்தாள்.

“எனக்குக் கேக்குது, உனக்கு மட்டும் ஏன் கேக்கல? நீ ஏனோதானோன்னு இழுக்குற,” என்பார் அண்ணன்.

அவளும் அதை நம்பினாள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று வேறு பயம். இருமல் வந்தால் ரேடியோவைக் கூட்டினாள். மூச்சு முட்டினால், “அந்தப் பக்கக் கண்ணாடியப் பாருங்க,” என்று மாணவரின் முகத்தைத் திருப்பிவிட்டாள்.

அன்று காலை காரை ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். பல் பிடுங்கும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் வெடவெடக்கும். திருப்பத்தில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையில் இறங்கினாள். பிரேக் அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. பயிற்சிக் காரில் தன் பக்கமும் இருந்த பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தாள். குழந்தை வண்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. அந்தப் பெண் இவர்களை முறைத்துவிட்டுக் கடந்துபோனாள்.

“நீங்க கத்தவே இல்லையே மேடம்!” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார். “உதடு நீலமா இருக்கு. நான் பல் டாக்டர்தான், ஆனா உதடும் நம்ம ஏரியாதான். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.” காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு டாக்ஸி பிடித்தார்; அவரை நம்பி அவளும் ஓட்டச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலைத் தணித்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் நெஞ்சு நோய் டாக்டரம்மா அவள் கையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, பவுடரை இழுப்பதுபோல இழுக்கச் சொன்னாள். உள்ளிருந்த முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

“நீங்க தப்பா இழுக்கல. இந்தப் பவுடர் உள்ள போக வேகம் வேணும், உங்க நெஞ்சுல அந்த வேகம் இல்ல. ரத்தப் பரிசோதனையப் பாத்தா, இதுல இருக்குற ஸ்டீராய்டும் உங்களுக்குப் பெருசா உதவாது. அடிக்கடி சளிக்காய்ச்சல் வர அதுவே காரணமா இருக்கலாம்.”

“அண்ணனுக்கு நல்லாத்தானே கேக்குது?”

“அது அவர் உடம்பு. இது உங்க உடம்பு.” பிறகு கேட்டாள்: “எதச் செய்ய முடியலன்னு உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?”

“கத்த முடியல டாக்டர்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பவுடரை நிறுத்திவிட்டு, மெல்லிய சாரலாக வரும் வேறு மருந்தும், அவசரத்துக்கு ஒரு ஸ்ப்ரேயும், மூச்சுப் பயிற்சி வகுப்பும் எழுதித் தந்தாள்.

“இருந்ததையும் நிறுத்திட்டாங்களா? உன்ன வச்சு சோதனை பண்றாங்க!” என்று அண்ணன் குதித்தார். அவளுக்கும் பழைய பவுடர் டப்பாவைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு மாலை காய்கறிப் பையோடு படியேறியவளுக்கு நெஞ்சு இறுகியது. “பழசையே எடு, எடு!” என்று அண்ணன் டப்பாவை நீட்டினார். கை அதைத் தொட்டும் விட்டது. அவள் அதை விலக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.

“அவசரத்துக்குக் கொடுத்த ஸ்ப்ரேய அடிங்க. முன்னால சாஞ்சு உக்காந்து, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. குறையலன்னா உடனே வந்துடுங்க,” என்றாள் நர்ஸ். ஊதினாள். இந்த மூச்சு வருமா, அடுத்தது வருமா என்று ஒவ்வொன்றையும் பயந்து பயந்து வாங்கினாள். மெல்ல மெல்ல இறுக்கம் விட்டது. மறுநாளே பழைய டப்பாவை அப்புறப்படுத்தச் சொல்லி மருந்துக் கடையில் ஒப்படைத்தாள்.

பள்ளி முதலாளியிடமும் சொல்லிவிட்டாள். “இத அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று சிடுசிடுத்தவர், அவளுக்கு வகுப்புகளைக் குறைத்தார், அந்த வாடை அவள் மூச்சுக்கு ஆகாதென்று காரில் தொங்கிய வாசனை அட்டையைத் தானே பிய்த்தெறிந்தார். பழைய குரல் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவள் காய்ச்சலில் படுக்கவில்லை. வாய் திறந்தால் சத்தம் வந்தது.

ஒருநாள் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அந்த டாக்டரம்மா என்னையும் பாப்பாங்களா? இப்பல்லாம் மாடி ஏற முடியலம்மா.”

பரிசோதனை அறைக் கதவுக்கு வெளியே பிரேக் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே அண்ணன் ஊதுவதும் இருமுவதும் கேட்டது. இருமல் நிற்கும்வரை அவள் கைப்பையின் வாரை விடவில்லை.