தேருக்காகத் தள்ளிப்போட்ட ஊசி

கடந்த ஏப்ரல் 27, காலை 6.40. ஓப்பநாயக்கவில் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க மூடுபனி. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த மூன்று வயதுப் பேத்தி கவிதாவின் காதோரம் பதினொரு சிவந்த தடிப்புகளை எண்ணினேன். சின்னமுத்து, அதாவது தட்டம்மை என்றார் டாக்டர்.

தவறு என்னுடையது. “ஊசி போட்டா காய்ச்சல் வரும், புள்ள தேர் பாக்க முடியாதுங்க மிஸ்ஸி” என்று முந்திய மாதம் மருத்துவமாதுவிடம் சொல்லி, மூன்று வயதில் போடவேண்டிய சின்னமுத்துத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவன் நான்தான்.

பக்கத்து வீட்டுச் செல்விக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. அந்த வயதில் இந்த ஊசி போடமாட்டார்கள். அவளுடைய மூத்த மகள், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் கவிதாவோடு விளையாடுபவள்.

“எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, தாத்தா?” என்று கேட்டாள் செல்வி.

சுவருக்கு அப்பால் தொட்டில் ஆடும் சத்தத்தைக் கேட்டபடி, பனிக்குள் நடப்பவன்போல், தொற்று வெளிப்படக்கூடிய இருபத்தொரு நாட்களைக் கழித்தேன். குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. கவிதாவும் மெல்லத் தேறினாள்.

“மடுவத்துல மத்த பதினாறு புள்ளைங்களும் ஊசி போட்டதுங்க. அதுங்கதான் கைக்குழந்தைக்கு வேலி. ஒரு கம்ப மட்டும் நீங்க புடுங்கிட்டீங்க, ஐயா” என்றார் மிஸ்ஸி.

இப்போது கிளினிக் நாளில் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளை எண்ணி அழைத்துப்போகிறேன். ஊசி இலவசம். அன்று போடாததால் த்ரீவீலருக்கும் மருந்துக்கும் எனக்கு ஆன செலவு ரூபா 7,460.